வெறுங்காலோடு வெளியே நடக்கலாமா?

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



விதை, உரம், பூச்சிமருந்து என்று வாராவாரம் எத்தனையோ விஷயங்களைப் பேசுகிறோம். இன்றைக்கு அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த வேலைகளையெல்லாம் தாங்கி நிற்கிற ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். அது வேறொன்றுமில்லை, உங்கள் பாதம்தான். உழவு மாட்டுக்கு மறக்காமல் லாடம் கட்டுகிறோம். வண்டிச் சக்கரத்துக்குத் தேயாமல் பட்டை போடுகிறோம். ஆனால் நம்ம காலுக்கு என்ன செய்கிறோம் என்று யாராவது கேட்டால், "அதுக்கென்ன, அது பாட்டுக்கு நடக்குது" என்று சொல்லிவிடுகிறோம்.

நாலு பேர் நடமாடுகிற இடத்தில் வெறுங்காலோடு போகலாமா, கூடாதா? இந்தக் கேள்வி இன்றைக்குப் பல வீடுகளில் இரண்டு பக்கமாகக் கேட்கிறது. கல்லூரிக்குப் போகிற மகன், "அப்பா, டவுனுக்கு வர்றப்போ செருப்புப் போட்டுக்கிட்டு வாங்க, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க" என்கிறான். தகப்பனாரோ, "நாங்கள்லாம் செருப்புப் போட்டா வளர்ந்தோம்? மண்ணை மிதிச்சாத்தான் உடம்புக்கு நல்லது" என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இரண்டிலும் கொஞ்சம் குறையும் இருக்கிறது. மகன் வெட்கத்தைப் பார்க்கிறான். தகப்பனார் பழக்கத்தைப் பார்க்கிறார். காலுக்குக் கீழே இருக்கிற தரை என்ன தரை என்பதை இருவருமே பார்க்கவில்லை.

ஒரு கால், பல தரை

செல்லூரையே எடுத்துக்கொள்ளுங்கள். வைகையின் வடகரையில் இருக்கிற ஊர். ஒரு காலத்தில் இது தனிக் கிராமம்; செல்லூர் கண்மாய் வயலுக்குத் தண்ணீர் கொடுத்த கண்மாய். இன்றைக்கு இது மதுரை மாநகரத்துக்குள் இருக்கிறது. இங்கே ஒரே நாளில் ஒரு மனுஷனுடைய கால் எத்தனை விதமான தரையை மிதிக்கிறது பாருங்கள்.

கைத்தறிக்குப் பெயர்பெற்ற இடம் செல்லூர். குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர் மிதிப்பலகையை வெறுங்காலால்தான் மிதிப்பார். எந்த நேரத்தில் எந்த மிதியை அழுத்த வேண்டும் என்பது பாதத்துக்குத் தெரிய வேண்டும். அங்கே வெறுங்கால் ஒரு தொழில் கருவி. அதே செல்லூரில் ஆப்புடையார் கோயில் இருக்கிறது. பாடல் பெற்ற தலம். அங்கே செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கல்தளத்தில் நடப்பது மனசுக்கும் குளிர்ச்சி. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளும்போது, அழகர்கோவிலில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர் கூடவே வெறுங்காலோடு நடந்து வருகிறவர்கள் உண்டு. அதை யாரும் தப்பு என்று சொல்ல முடியாது.

ஆனால் அதே கால், கோயில் வாசலைத் தாண்டினால் தார் ரோட்டை மிதிக்கிறது. வெளியே வெயில் 40 டிகிரி செல்சியஸ் அடிக்கும்போது தார் ரோட்டின் மேற்பரப்பு 60 டிகிரிக்குக் கூடப் போகும். கத்திரி வெயிலில் அது தோலைப் பொசுக்கிவிடும். அடுத்து சாக்கடை ஓரம், குப்பை மேடு, உடைந்த பாட்டில், கண்மாய்க்கரையின் முள். தறிக்குழியில் பழகிய கால் இதையெல்லாம் தாங்கும் என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. ஆகவே "வெறுங்காலோடு போகலாமா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "எந்தத் தரையில், யாருடைய விருப்பத்தில்?" என்று கேட்பதே சரி. இந்த இரண்டையும் இன்று விரிவாகப் பார்ப்போம்.

மதுரையின் பெயரைச் சுமக்கும் நோய்

மதுரை என்றால் மல்லிகை ஞாபகம் வரும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். அதே மதுரையின் பெயரால் உலகம் முழுதும் வைத்தியப் புத்தகங்களில் ஒரு நோயும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதன் பெயர் 'மதுரா ஃபுட்'. நாம் மதுராக் கால் என்று சொல்லிக்கொள்வோம்.

1842-ல் மதுரை மருந்தகத்தில் இருந்த கில் என்ற ஆங்கிலேய டாக்டர், இந்தப் பக்கத்து ஜனங்களின் கால்களில் கண்ட ஒரு விநோதமான வீக்கத்தைப் பற்றி எழுதி வைத்தார். பின்னால் 1860-ல் பம்பாயில் இருந்த டாக்டர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் அதற்கு 'மைசெட்டோமா' என்று பெயர் வைத்தார். காளான் கட்டி என்று அதற்கு அர்த்தம். இந்தக் கார்ட்டர்தான் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் எல்லோரும் அறிந்த 'கிரேஸ் அனாடமி' என்ற புத்தகத்துக்குப் படம் வரைந்தவர். நோயை உண்டாக்குகிற ஒரு பூஞ்சணத்துக்கு 'மதுரெல்லா' என்றும், ஒரு பாக்டீரியாக் கிருமிக்கு 'ஆக்டினோமதுரா மதுரே' என்றும் பெயர். இரண்டு பெயருக்குள்ளும் நம்ம ஊர் உட்கார்ந்திருக்கிறது. பழைய வடமொழியில் இதைப் 'பாத வல்மீகம்' என்று சொல்வார்கள். வல்மீகம் என்றால் புற்று. காலில் கறையான் புற்று முளைத்த மாதிரி இருக்கும் என்பதால் அந்தப் பெயர்.

இது எப்படி வருகிறது? இந்தக் கிருமிகள் மண்ணிலும் முள்ளிலும் இருக்கின்றன. வெறுங்காலோடு காட்டில் நடக்கும்போது கருவேல முள்ளோ, கூரான சுள்ளியோ, கல்லோ குத்துகிறது. முள்ளோடு சேர்ந்து கிருமியும் தோலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு நாம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பல மாசம் கழித்து, சில சமயம் வருஷக்கணக்கில் கழித்து, அந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டி தெரியும். இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்: அந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது.

வலித்தால் நாம் டாக்டரிடம் ஓடுவோம். வலிக்காததால், "அது ஒண்ணுமில்லை, பழைய முள்ளுக்காய்" என்று விட்டுவிடுகிறோம். கட்டி மெதுவாகப் பெரிசாகும். பிறகு சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். அதிலிருந்து சீழ் வரும். சீழோடு கடுகு போலவோ ரவை போலவோ குருணைகள் வரும். அந்தக் குருணை கறுப்பாக இருக்கலாம், வெள்ளையாக, மஞ்சளாக, சிவப்பாகவும் இருக்கலாம். அப்போதும் கவனிக்காமல் விட்டால் நோய் எலும்புக்குள் இறங்கிவிடும். கடைசியில் காலையே எடுக்க வேண்டிய நிலைமை வருகிறது. வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிற 20 முதல் 40 வயதுக்காரர்களைத்தான், அதிலும் காட்டுவேலை செய்கிறவர்களைத்தான், இது அதிகமாகப் பிடிக்கிறது. ஒரு முள்ளுக்காக ஒரு கால் போவது என்றால், அது ஒரு குடும்பமே போவது மாதிரி அல்லவா?

இது ஏதோ வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் நம் நாட்டிலும், சூடான் போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலும், மெக்சிகோவிலும் இது இருக்கிறது. சூடானின் தலைநகரான கார்ட்டூமில் இதற்கென்றே 1991-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தினார்கள். ஏழைகளுக்கு வருகிற நோய் என்பதால் வெகுகாலம் யாரும் இதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016-ல்தான் இதைக் 'கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்கள்' பட்டியலில் சேர்த்தது.

நல்ல செய்தி என்னவென்றால், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாக்க வழி இருக்கிறது. பாக்டீரியாவால் வந்தது என்றால் அதற்கான மருந்துகளைப் பல மாதம் விடாமல் சாப்பிட்டும், ஊசி போட்டும் குணப்படுத்துகிறார்கள். பூஞ்சணத்தால் வந்தது என்றால் மருந்தும் வேண்டும், பல சமயம் அறுவைச் சிகிச்சையும் வேண்டும். எது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. குருணையையும் சதையையும் எடுத்துச் சோதித்துத்தான் சொல்வார்கள். ஆகவே காலில் வலியில்லாத கட்டி ஏதாவது இருந்து, அது மெல்ல வளருகிறது என்று தெரிந்தால், பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலோ காட்டுங்கள். காட்டும்போது, "இந்த இடத்திலே முன்னே முள் குத்துச்சு" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

முள்ளை முள்ளால் எடுக்கலாமா?

'முள்ளை முள்ளால்தான் எடுக்கணும்' என்று பழமொழி சொல்கிறோம். பழமொழியாக அது நல்லதுதான். உண்மையான காலில் உண்மையான முள் குத்தியிருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். வேலியில் ஒடித்த இன்னொரு முள்ளை விட்டு நோண்டினால், ஒரு கிருமிக்கு இரண்டு கிருமியாக உள்ளே அனுப்புகிறோம்.

பிறகு எப்படி எடுப்பது? முதலில் காலைச் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஊசியை அடுப்புத் தீயில் காட்டி, ஆறவிட்டு, அதனால் முள்ளின் மேல்தோலை விலக்குங்கள். முனை முறியாமல் முழு முள்ளும் வந்துவிட்டதா என்று பாருங்கள். மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காயத்தில் சாணியோ, புகையிலையோ, மண்ணோ வைக்கவே கூடாது. சாணத்திலும் மண்ணிலும்தான் வில்வாத ஜன்னி என்று நாம் சொல்கிற டெட்டனஸ் கிருமி இருக்கிறது. ஆழமாகக் குத்தியிருந்தாலும், துருப்பிடித்த ஆணி ஏறியிருந்தாலும் அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குப் போய், கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ஊசி வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். முள் முறிந்து உள்ளே நின்றுவிட்டால் வீட்டில் நோண்ட வேண்டாம்.

மண்ணுக்குள் காத்திருக்கும் புழு

முள்ளாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் காலைத் துளைக்கிற ஒன்று இருக்கிறது. அதுதான் கொக்கிப்புழு.

கொக்கிப்புழு இருக்கிறவர் வெட்டவெளியில் மலம் கழித்தால், அதிலுள்ள முட்டை ஈரமான நிழல் மண்ணில் பொரிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் அந்தக் குஞ்சுப்புழு மனுஷன் உடம்பில் ஏறத் தயாராகிவிடும். வெறுங்காலோடு யாராவது அந்த மண்ணை மிதித்தால் விரலிடுக்கில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்த இடத்தில் கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். பிறகு இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கும்போது குடலுக்கு இறங்கி, குடலைக் கவ்விக்கொண்டு இரத்தத்தைக் குடிக்க ஆரம்பிக்கும். "தோல் வழியாக ஒரு புழு போக முடியுமா?" என்று படித்தவர்களே ஒரு காலத்தில் நம்பவில்லை. எகிப்தில் வேலை பார்த்த லூஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியின் கையில், புழு இருந்த தண்ணீர் தற்செயலாகச் சிந்தியது. கை அரித்தது. சில வாரம் கழித்து அவர் வயிற்றிலேயே கொக்கிப்புழு இருப்பது தெரிந்தது. 1898-ல் இதை அவர் எழுதி வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்கு விஷயம் புரிந்தது.

ஒரு புழு குடிக்கிற இரத்தம் ஒரு சொட்டுக்கும் குறைவாக இருக்கலாம். ஆனால் நூறு புழு, வருஷக்கணக்கில், தினமும் குடித்தால்? சோர்வு, மூச்சிரைப்பு, கண்ணும் நாக்கும் வெளுத்துப்போவது எல்லாம் வந்து சேரும். களை எடுக்கிற பெண்கள், "ஒடம்புல தெம்பே இல்லை" என்று சொன்னால் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். இரத்தச்சோகையாக இருக்கலாம். அதற்குக் காரணம் சாப்பாடு மட்டுமல்ல, கால் வழியாக ஏறிய புழுவாகவும் இருக்கலாம். பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் குடற்புழு நீக்க நாள் அன்று கொடுக்கிற அல்பெண்டசோல் மாத்திரையைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் கொடுங்கள். மாத்திரை புழுவைக் கொல்லும். ஆனால் மறுபடியும் ஏறாமல் தடுப்பது கழிப்பறையும் செருப்பும்தான். கழிப்பறைக்குப் போகும்போதும், கொல்லைப்பக்கம் போகும்போதும் செருப்பில்லாமல் போகாதீர்கள்.

"சேத்துல எப்படிங்க செருப்பு?"

இப்போது நீங்கள் கேட்பீர்கள். "எல்லாம் சரி. நாத்து நடுறப்போ சேத்துல செருப்போட இறங்க முடியுமா?" முடியாதுதான். அப்படிச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் வயலுக்குள் இருக்கிற நேரம் எவ்வளவு, வீட்டிலிருந்து வரப்பு வரைக்கும் நடக்கிற நேரம் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். முள்ளும் பாம்பும் பெரும்பாலும் அந்த வழியில்தான் இருக்கின்றன. வரப்பு வரைக்கும் செருப்போடு போங்கள். வரப்பில் கழற்றி வைத்து இறங்குங்கள். ஏறினவுடன் வாய்க்காலில் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துணியால் துடையுங்கள். சேற்றுப்புண் வருவதற்கு முக்கியக் காரணம் அந்த விரலிடுக்கு ஈரம்தான். பித்தவெடிப்பு இருக்கிறவர்கள் இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்துத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுத்தால் தோல் இளகும். வெடிப்பு ஆழமாகி இரத்தம் கசிந்தால், அது கிருமிக்குத் திறந்து வைத்த கதவு என்று அர்த்தம்.

எந்தச் செருப்பு நல்லது? மெல்லிசான ஹவாய் செருப்பைச் சீமைக்கருவேல முள் சுலபமாகத் துளைத்துவிடும். கரிசல்காட்டிலும் முள்காட்டிலும் பழைய டயரை அறுத்துத் தைத்த செருப்பே மேல். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் முள்ளுக்கு இடம் கொடுக்காது. குதிகாலில் வார் இருந்தால் வரப்பில் வழுக்காது.

இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் 2000-லிருந்து 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள், பெரும்பாலும் காலில் விழுந்த கடி. இருட்டில் போனால் கணுக்காலுக்கு மேல் வருகிற ரப்பர் பூட்ஸ் போடுங்கள். அது இல்லையென்றால் டார்ச் விளக்கும், முன்னால் தட்டிப் போக ஒரு கம்பும் கட்டாயம் வேண்டும். கடித்துவிட்டால் கயிறு கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மரத்துப்போன கால்

நகரத்து நேயர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இன்றைக்குச் சர்க்கரை நோய் இல்லாத தெரு இல்லை. சர்க்கரை பல வருஷம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைகிறது. கண்ணாடித்துண்டு ஏறினாலும், கோயில் பிராகாரத்து வெயில் கல் சுட்டாலும் தெரியாது. புண் ஆனபிறகு, ஈரம் பட்டபிறகுதான் தெரியும். தொழுநோயால் உணர்ச்சி போனவர்களுக்கும் இதே நிலைமைதான். இப்படிப்பட்ட கால்களுக்காகவே மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இருக்கிறது. சர்க்கரைக்காரர்கள் நேர்த்திக்கடன் என்று வெறுங்காலோடு பாதயாத்திரை கிளம்புவதற்கு முன்னால் தங்கள் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். சாமி உங்கள் மனசைப் பார்க்கும். பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்காது.

மழைக்காலத்துக்கும் ஒரு எச்சரிக்கை. 2024 அக்டோபர் 25-ந் தேதி மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்த் தெருக்களில் வெள்ளம் புகுந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரித் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும், எலியின் சிறுநீரும் கலந்திருக்கும். காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாக ஏறும். வெள்ளத்தில் நடக்காமல் இருக்க முடியாது என்றால் பூட்ஸ் அல்லது வார் வைத்த செருப்புப் போட்டு நடங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், "வெள்ளத் தண்ணியிலே நடந்தேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்படியானால் வெறுங்காலே கெட்டதா?

இல்லை. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1992-ல் நம் நாட்டு டாக்டர்கள் ராவும் ஜோசப்பும் 2,300 குழந்தைகளின் பாதத்தைப் பரிசோதித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். செருப்பு, ஷூ போட்டு வளர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் அது நூற்றுக்கு 2.8 தான். ஆகவே கூட்டிப் பெருக்கிய முற்றத்தில், வீட்டுக்குள்ளே, சுத்தமான மைதானத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடி விளையாடினால் அதட்டாதீர்கள். அந்தக் கால்கள் பலமாக வளரட்டும். எத்தியோப்பியா நாட்டு அபேபே பிக்கிலா 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டத்தை வெறுங்காலோடு ஓடி ஜெயித்தார். அவரே 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடியும் ஜெயித்தார். கால் அவருடையது; தரைக்குத் தகுந்தபடி முடிவும் அவருடையது. அதே எத்தியோப்பியாவில் செம்மண் காட்டில் வெறுங்காலோடு உழைக்கிற ஏழைகளுக்கு, மண்ணின் நுண்துகளாலேயே கால் வீங்கி யானைக்கால் போல ஆகிற நோயும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

யாருடைய விருப்பம்?

இனி இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். கொடைக்கானல் மலைக்குக் கீழே வெள்ளகவி என்று ஒரு மலைக்கிராமம் இருக்கிறது. ஊரே கோயில் என்று நினைத்து அங்கே யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரார் எல்லோரும் சேர்ந்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொண்ட வழக்கம் அது. போகிற நாமும் கழற்றுவதுதான் மரியாதை.

ஆனால் மரியாதை என்ற அதே பெயரில், நம் கிராமங்களில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு தெருவில் சிலர் செருப்போடு நடக்கலாம். வேறு சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோ, கக்கத்தில் இடுக்கிக்கொண்டோதான் போக வேண்டும். அது பக்தியும் அல்ல, பண்பாடும் அல்ல. பிறந்த ஜாதியைக் காட்டி ஒரு மனுஷனின் காலை முள்ளுக்கும் வெயிலுக்கும் தின்னக் கொடுத்த கொடுமை. இருந்தது என்று இறந்தகாலத்தில் மட்டும் சொல்லிவிட்டுப் போகவும் முடியவில்லை. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில், பட்டியலின மக்கள் ஒரு குறிப்பிட்ட தெருவில் செருப்போடு நடந்து போனது 2023 டிசம்பரில் பத்திரிகைச் செய்தியானது. செருப்புப் போட்டு ஒரு தெருவில் நடந்தார்கள் என்பது செய்தியாக வருகிறது என்றால், அதுவரைக்கும் என்ன நிலைமை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம், பொது இடத்தில் செருப்பு அணிவதையோ, சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ, புதுத்துணி உடுத்துவதையோ ஜாதியின் பேரால் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. செருப்பு என்ற சொல்லை ஒரு சட்டத்துக்குள்ளேயே எழுதிவைக்க வேண்டி வந்தது என்பதை மறக்க வேண்டாம்.

இது விவசாயத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதிக நேரம் முள்காட்டில் நின்றவர்கள் யார்? கூலிக்கு நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள், விறகு வெட்டியவர்கள். மதுராக் கால் நோயும் கொக்கிப்புழுவும் தேடிப்போனது அவர்கள் காலைத்தான். அந்தக் காலில் செருப்பு ஏறக்கூடாது என்று சொன்ன வழக்கம், நோய்க்குப் பாதை போட்டுக் கொடுத்த வழக்கம். உங்கள் நிலத்தில் வேலை செய்கிறவர் செருப்போடு களத்துக்கு வந்தால் முகம் சுளிக்காதீர்கள். முடிந்தால் தீபாவளிக்கு வேட்டி சேலை எடுத்துக் கொடுக்கிற மாதிரி, உழவு தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்கள். நோய்க்குச் செலவழிக்கிற பணத்தோடு பார்த்தால் அது பெரிய செலவே இல்லை.

அதே மாதிரி, செருப்பில்லாமல் டவுனுக்கு வருகிற ஒரு பெரியவரைப் பஸ்ஸிலோ ஓட்டலிலோ ஆபீஸிலோ யாரும் ஏளனமாகப் பார்க்கவும் கூடாது. அவரிடம் வாங்கக் காசு இல்லாமல் இருக்கலாம், அறுந்து போயிருக்கலாம், மாலை போட்டு விரதம் இருக்கலாம். வெறுங்கால் குற்றம் அல்ல. அவரை வெளியே நிற்கச் சொல்வதுதான் குற்றம்.

சுருக்கமாகச் சொன்னால்

ஆகவே விவசாயப் பெருமக்களே, வாசலில் நிற்கும்போது உங்களை நீங்களே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நான் மிதிக்கப்போகிற தரை எனக்குத் தெரிந்த, சுத்தமான தரைதானா? செருப்பைக் கழற்றுவது என் சொந்த விருப்பம்தானா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால் கோயிலானாலும் முற்றமானாலும் தறிக்குழியானாலும் தாராளமாக வெறுங்காலோடு நடங்கள். முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் செருப்பை மாட்டுங்கள். இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்றால், அப்போதும் மாட்டுங்கள். தலை நிமிர்ந்து நடங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்றைக்கு இரவு படுக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் உங்கள் இரண்டு உள்ளங்காலையும், விரலிடுக்கையும் ஒருதரம் பாருங்கள். வயசானவர்களுக்குக் குனிய முடியாது. அவர்கள் காலைப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். வெடிப்போ, நிறமாற்றமோ, முக்கியமாக வலியில்லாத கட்டியோ இருந்தால், நாளைக்குக் காலையிலேயே கிளம்பிப் போய்க் காட்டுங்கள். அறுப்பு முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.